அம்பு ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம்

2003-இல் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு ஜிபிஎஸ் வாங்கினார். பாதிச் செங்கல் அளவு இருக்கும். சாம்பல் நிறம், கறுப்பு வெள்ளைத் திரை. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் போட்டுக்காரர்கள் அதற்கு முன்பே வைத்திருந்தார்கள். கன்னியாகுமரிக் கரையில் எங்கள் ஊரான முட்டத்தில் ஃபைபர் வள்ளத்தில் மோட்டார் வைத்துப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வாங்கத் தொடங்கிய காலம் அது. பட்டன், மெனு எல்லாமே இங்கிலீஷ். வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால், எங்கள் கரையின் எண்களை அதில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது.

வடக்கு 8 டிகிரி 7 நிமிடம். கிழக்கு 77 டிகிரி 19 நிமிடம். இவ்வளவுதான். நான் 19-க்குப் பதில் 09 என்று அடித்துவிட்டேன். அந்த இடத்துக்கு ‘வீடு’ என்று ஆங்கில எழுத்தில் பெயரும் வைத்து, சேவ் பண்ணி, அப்பாவின் கையில் கொடுத்தேன்.

நம் ஊர் இருக்கும் அட்சரேகையில், தீர்க்கரேகை ஒரு நிமிடம் நகர்ந்தால் தரையில் சுமார் 1.8 கிலோமீட்டர். பத்து நிமிடத்துக்கு 18 கிலோமீட்டர். நான் குறித்துக் கொடுத்த ‘வீடு’ தேங்காப்பட்டணத்துக்குத் தெற்கே, கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வெளியே, வெறும் தண்ணீரில் இருந்தது.

முதல் இரண்டு நாள் பகலிலேயே திரும்பிவிட்டதால் அந்தப் பெட்டியைப் பார்க்கவே தேவை வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி வலை வாங்கிவிட்டுக் கரைக்கு வரும்போது அப்பா அதைத் திறந்து ‘வீடு’ என்ற பெயரை அழுத்தினார். திரையில் அம்பு இடது கைப் பக்கம் திரும்பி நின்றது. முட்டம் லைட்ஹவுஸின் வெளிச்சமோ வள்ளத்தின் தலைக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. கூட இருந்த சித்தப்பா, “சாட்டிலைட்டிலேருந்து வருது அண்ணே, அதுக்குத் தப்பாது. நீவாடு நம்மள இழுத்திருக்கும், அது சொல்லுறபடி போவோம்” என்றாராம். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். அப்பா கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். “அம்பு ஒரு பக்கம் காட்டுது, வெளிச்சம் ஒரு பக்கம் நிக்குது. வெளிச்சத்த எவனும் இடம் மாத்தி வைக்க முடியாது” என்று சொல்லி, பெட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பலகைக்கு அடியில் போட்டுவிட்டு லைட்ஹவுஸைப் பார்த்து ஓட்டி வந்துவிட்டார். மீனை இறக்கி, ஏலம் முடித்து, விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து என்னை எழுப்பினார்.

“லே, இதுல என்ன எழுதின?”

அவ்வளவுதான் கேட்டார். அடிக்கவில்லை, ஏசவில்லை. அந்தக் கேள்வியை 22 வருடமாக நான் மறக்கவில்லை. இப்போது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். பிள்ளைகள் எண்களை இடம் மாற்றி எழுதும்போது சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுப் போக எனக்கு முடிவதில்லை. நின்று பேசிவிடுவேன்.

இதை இப்போது எழுதக் காரணம் அக்கா மகன். ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. ஏர்பஸ் 320 ஓட்டுகிறான். கடந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தான். முட்டத்துப் பாறைகளில் சாயங்காலம் அப்பாவும் நானும் அவனும் உட்கார்ந்திருந்தபோது, பேச்சு எங்கெங்கோ போய் அந்தப் பழைய ஜிபிஎஸ் கதையில் வந்து நின்றது. கேட்டுக்கொண்டே இருந்தவன், “மாமா, இதே தப்ப ஒரு கேப்டன் பண்ணியிருக்காரு, தெரியுமா? நீங்க பண்ணுனது 18 கிலோமீட்டர். அவரு பண்ணுனது 11,000” என்றான்.

2015 மார்ச் 10. ஏர்ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் 330, சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்கு. 212 பயணிகள். புறப்படுமுன் விமானம் நிற்கும் இடத்தின் எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். சிட்னி நிலையத்தின் தீர்க்கரேகை 151 டிகிரி 9.8 நிமிடம் கிழக்கு. டிகிரிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இடைவெளி எதுவும் இல்லாமல் சேர்த்து 15109.8 என்று அடிக்க வேண்டும். கேப்டன் அடித்தது 01519.8. கணினி அதை 15 டிகிரி 19.8 நிமிடம் என்று வாங்கிக்கொண்டது. உலக வரைபடத்தில் சிட்னியும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆக, சிட்னியில் பயணிகளை ஏற்றிக்கொண்டு நின்ற விமானம், தான் கேப்டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் நிற்பதாக நம்பத் தொடங்கியது.

இதை முதலில் கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. கோடிக்கணக்கில் பணம் போட்ட இயந்திரம், 11,000 கிலோமீட்டர் வித்தியாசம் அதற்கு உறைக்காதா?

அதற்கு அவன் சொன்ன பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும் விஷயம்.

விமானத்துக்குள் ஐஆர்எஸ் என்று ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து எந்தச் சிக்னலும் தேவைப்படாத கருவி. லேசர் ஒளியில் வேலை செய்யும் ஜைரோக்களும், வேகம் கூடுவதையும் குறைவதையும் உணரும் கருவிகளும் சேர்ந்தது. தொடங்கிய இடத்தைச் சொல்லிவிட்டால், அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று தானே கூட்டிக் கழித்துக்கொண்டு போகும். பழங்காலத்துக் கப்பல்காரர்கள் வேகத்தையும் திசையையும் நேரத்தையும் வைத்து இடத்தைக் கணக்குப் போட்டார்களே, அதேதான். புறப்படுமுன் விமானம் ஆடாமல் அசையாமல் நிற்கும்போது அது தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள 5 முதல் 10 நிமிடம் வரை ஆகும். துருவப் பக்கம் போகப் போக இன்னும் நேரம் கூடும். அந்த நிமிடங்களில் அது என்ன செய்கிறது தெரியுமா? பூமி சுற்றுவதை உணர்கிறது. மணிக்கு 15 டிகிரி. நாம் பாறையில் உட்கார்ந்து உணர முடியாத அந்தச் சுழற்சியை அது பிடித்துவிடும். சுழற்சியின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து வடக்கைக் கண்டுபிடிக்கும். எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து அட்சரேகையைக் கண்டுபிடிக்கும்.

தீர்க்கரேகையை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஒரே அட்சரேகையில் எங்கே நின்றாலும் பூமி ஒரே மாதிரிதான் சுற்றுகிறது. திருவனந்தபுரம் விமான நிலையமும் மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனின் தலைநகரமான ஃபிரீடவுனும் 8 டிகிரி 29 நிமிடத்தை ஒட்டி இருக்கின்றன. “திருவனந்தபுரத்துல நிக்கிற விமானத்துக்கிட்ட நீ ஃபிரீடவுன்ல நிக்கிறன்னு சொன்னா, ஜைரோ வச்சு அதால மறுக்க முடியாது மாமா. முந்தி அணைச்ச இடத்தோட ஒப்பிட்டுப் பாத்து சந்தேகம் வேணா எழுப்பும். அதுக்கு மேல மனுஷன் சொன்னதுதான்.”

அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். “நமக்கும் அதுதானே மக்களே. வடக்கு நட்சத்திரத்தப் பாத்தா எவ்வளவு தெக்க வந்திருக்கோம்னு தெரியும். கிழக்கே போனமா மேக்கே போனமான்னு அது சொல்லாது.” உண்மைதான். குமரிக் கடலில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே எட்டு டிகிரிதான் நிற்கும், பாதி நாள் மூட்டத்தில் தெரியாது. தெரிந்தாலும் அது அட்சரேகையை மட்டும்தான் தரும். கிழக்கு மேற்குக் கணக்குக்காக 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பெரிய பரிசே அறிவித்தது. துல்லியமான கப்பல் கடிகாரம் வந்த பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. முந்நூறு வருடம் கழித்தும் சிட்னியில் தவறிய எண் அதே தீர்க்கரேகைதான்.

சரி, சிட்னிக்கு வருகிறேன். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2016-இல் அறிக்கை வெளியிட்டது. தவறைக் கண்டுபிடித்துத் திருத்தப் புறப்படுமுன் பல வாய்ப்புகள் இருந்ததாக அது சொல்கிறது. அன்றைக்கு வேலைகள் கை மாறியிருந்தன. வழக்கமாகக் கேப்டன் வெளியே போய் விமானத்தைச் சுற்றிப் பார்ப்பார், துணை விமானி உள்ளே எண்களை ஏற்றுவார். கேப்டனின் காது பாதுகாப்புக் கருவி பழுதாகிவிட்டதால் இருவரும் மாற்றிக்கொண்டார்கள். எவ்வளவு சாதாரண விஷயம்! அப்புறம் எச்சரிக்கைச் செய்திகள் வந்தன. அவற்றின் கனம் பிடிபடவில்லை. தானாகவே ஜிபிஎஸ்ஸிலிருந்து இடத்தை எடுத்துக்கொள்ளும் புதிய மென்பொருள் இருந்திருந்தால் இந்தத் தவறே நடந்திருக்காது, அந்த விமானத்தில் அது போடப்படவில்லை.

ஓடுபாதை 16 வலதிலிருந்து மேலேறி, 410 அடியில் ஆட்டோ பைலட் போட்டதும், விமானம் இடது பக்கம் திரும்பியது. பக்கத்திலேயே இணையாக இன்னொரு ஓடுபாதை. அதில் புறப்படும் விமானங்களின் வழிக்குக் குறுக்கே போனது. தரைக் கட்டுப்பாட்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அக்கா மகன் அழுத்திச் சொன்னது இதற்கு அடுத்த பகுதியைத்தான். விமானிகள் கருவிகளைச் சரிசெய்யப் பார்த்தார்கள். பறந்துகொண்டே. அந்த முயற்சிகளே வழிகாட்டும் கருவிகளை மேலும் கெடுத்தன, விமானத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் வரைக்கும் பாதிப்பு போனது என்று அறிக்கை சொல்கிறது. ஐஆர்எஸ் அசையாமல் நின்றால்தான் முழுதாகச் சரியாகும் என்று மேலே சொன்னேனே. திரும்பி சிட்னிக்கே போகலாம் என்றால் அங்கே மேகம் தாழ்ந்து கிடந்தது. கண்ணால் ஓடுபாதையைப் பார்த்து இறங்க வழியில்லை. மெல்போர்னில் வானிலை தேவலை என்று அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“தாத்தா பண்ணுனதப் பாருங்க” என்றான். “நடுக்கடல்ல உக்காந்து பட்டன அமுக்கிக்கிட்டிருக்கல. பையில சுத்திப் போட்டுட்டு கரைக்கு வந்துதான் என்ன எழுதினன்னு கேட்டாரு.”

பயிற்சியில் முதல் நாளிலிருந்து சொல்லிக் கொடுப்பார்களாம்: முதலில் விமானத்தைப் பறக்க வை, அப்புறம் வழியைப் பார், அதற்கப்புறம் பேசு. இந்த வரிசை மாறக்கூடாது. இறக்கை மட்டமாக இருக்கிறதா, வேகம் இருக்கிறதா, உயரம் ஏறுகிறதா? இவை மூன்றும் சரி என்றால் உனக்கு நேரம் இருக்கிறது. நேரம் இருந்தால் மற்றதை யோசிக்கலாம்.

இது அவனுக்கே நடந்திருக்கிறது. வடக்கே எல்லைப் பக்கம் ஒரு விமான நிலையம். ராத்திரி நேரம் புறப்பட்டிருக்கிறார்கள். மூவாயிரம் அடி ஏறியிருப்பார்கள், ஜிபிஎஸ் போய்விட்டது என்று திரையில் செய்தி. அடுத்த சில நொடிகளில் வரைபடம் நகர ஆரம்பித்தது. இவர்கள் விட்டுவந்த ஓடுபாதை படத்தில் நேர் பின்னால் இருக்க வேண்டும். அது மெல்ல மெல்லப் பக்கவாட்டில் ஒதுங்கிப் போனதாம். “பாத்துக்கிட்டே இருக்கும்போது தரை நழுவுற மாதிரி இருந்துச்சு மாமா.” கேப்டன் ஒன்றும் பேசாமல் ஹெட்டிங் குமிழை வெளியே இழுத்தார். ஏர்பஸ்ஸில் அதை இழுத்தால், கணினி போட்ட வழியை விட்டுவிட்டு, நாம் வைக்கும் திசையில் விமானம் போகும். வைத்த திசை, ஓடுபாதையின் திசை. பாதுகாப்பான உயரம் வரும் வரை அப்படியே நேராக ஏறினார்கள். பிறகு இவனைப் பார்த்து, “மேப்ப விடு. உன் பக்கம் விஓஆர் என்ன சொல்லுது?” என்றார்.

விஓஆர் என்பது தரையில் நட்டுவைத்த ரேடியோ நிலையம். அதிலிருந்து நாம் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று காட்டும். கூடவே தூரம் காட்டும் கருவி ஒன்றும் இருக்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலான சரக்கு. நகராது. ஊசி ஒரு திசையைக் காட்டியது, தூரம் வந்தது, ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளரும் அதே இடத்தைச் சொன்னார். வரைபடம் மட்டும் வேறெங்கோ இருந்தது. கட்டுப்பாட்டாளர் சொன்ன திசைகளில் திரும்பி, உயரே போன பிறகுதான் கையேட்டைத் திறந்தார்களாம்.

அந்தப் பகுதியில் இது புதிதில்லை. 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 முறை ஜிபிஎஸ் குறுக்கீடு பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் டெல்லிக்கே வந்தது. ஜிபிஎஸ்ஸை நம்பி இறங்கும் முறையில் வந்த விமானங்களுக்குப் பொய்ச் சிக்னல். பழைய தரை ரேடியோ கருவிகள் இருந்த ஓடுபாதைகளில் சிக்கல் இல்லை. சிக்னலை வெறுமனே மறைப்பது ஒரு வகை. பொய்யான இடத்தைச் சொல்வது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கொடுமை. ஏனென்றால் ஐஆர்எஸ் மணிக்கு 2 கடல் மைல் வரை விலகலாம் என்பதால், நவீன விமானங்களில் கணினி அதை ஜிபிஎஸ்ஸை வைத்து அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கும். பொய் ஜிபிஎஸ் அந்தத் திருத்தத்துக்குள் புகுந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். பார்க்கிறவனுக்கு இரண்டு சாட்சி இருப்பதாகத் தோன்றும். உண்மையில் இருப்பது ஒன்றுதான்.

இந்த இடத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஆட்கள் ஜிபிஎஸ் வருமுன் கடலடியில் இருக்கும் பாரைக் கண்டுபிடித்தது கணியம் பார்த்துத்தான். பார் என்றால் கடலுக்குள் கிடக்கும் பாறைத்திட்டு. மீன் அங்கேதான் அடையும். முப்பது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஒரு பாறைக்கு மேலே வந்து சரியாக நிற்க வேண்டும். எப்படி? கரையைப் பார்ப்பார்கள். முட்டம் லைட்ஹவுஸும் அதற்குப் பின்னால் வேளிமலையின் ஒரு முகடும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றால் ஒரு கோடு. அந்தக் கோட்டிலேயே போய்க்கொண்டிருக்கும்போது, கிழக்குப் பக்கம் பள்ளம் ஊர்க் கோயில் கோபுரம் மருந்துவாழ்மலைக்கு நேரே வரும். அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரம். அப்பாவுக்கு இப்படி நாற்பதுக்கும் மேல் பார்கள் மனப்பாடம்.

“ஒரு கோடு வச்சா கோட்டுல எங்கயோ நிக்கிறன்னு அர்த்தம். ரெண்டு வேணும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் ஆகாது, ஒண்ணு வடக்கேருந்தும் ஒண்ணு கிழக்கேருந்தும் வரணும். ஒரே மலையப் பாத்து ரெண்டு கோடு போட்டவன் பார விட்டுட்டு வெறும் மணல்ல நங்கூரம் போட்டுட்டு இருப்பான்” என்றார்.

துணை விமானி அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இதை எழுதும்போது எனக்கு பிரேசில் விபத்து ஞாபகம் வருகிறது. அவனிடமிருந்து சிட்னிக் கதையைக் கேட்டபிறகு நான் ஒரு வாரம் தேடித் தேடிப் படித்ததில் மனதை விட்டுப் போகாதது அதுதான்.

1989 செப்டம்பர் 3. வாரிக் நிறுவனத்தின் போயிங் 737. அமேசான் பகுதியில் மராபா என்ற ஊரிலிருந்து பெலெம் நகருக்கு. ஒரு மணி நேரம்கூட ஆகாத பயணம், வடக்கு வடகிழக்காகப் போக வேண்டும். பயணத் திட்டத் தாளில் திசை 0270 என்று அச்சாகியிருந்தது. கடைசி இலக்கம் தசமம். புள்ளி இல்லை. அதாவது 027.0 டிகிரி. கேப்டன் 270 என்று வாசித்தார். 270 என்றால் நேர் மேற்கு. துணை விமானி வெளியே சோதனை முடித்து வந்து உட்கார்ந்து, தாளைத் தானே வாசித்துத் தன் பக்கக் கருவியை வைத்திருக்க வேண்டும். அவர் கேப்டனின் கருவியில் இருந்த எண்ணைப் பார்த்து அதையே வைத்தார். இரண்டு விமானி, இரண்டு கருவி, ஒரே வாசிப்பு. அப்பா சொன்ன அதே மலை.

சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் புறப்பட்டார்கள். சூரியன் எங்கே இருந்திருக்கும்? வடக்கே போகிற விமானத்துக்கு இடது பக்கம். இவர்களுக்கோ முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரிக்காரனுக்கு இது தாங்காது. கிழக்கே கடலில் சூரியன் எழுவதையும் மேற்கே கடலில் விழுவதையும் ஒரே ஊரில் நின்று பார்க்கிறவர்கள் நாம். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூட நிழலைப் பார்த்துத் திசை சொல்லும். ஆனால் அந்த அறையில் அன்று சூரியனை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் காட்டின் மேல் அலைந்து, எரிபொருள் தீர்ந்து, ராத்திரி இருட்டில் மரங்களின் மேல் இறங்கினார்கள். 54 பேரில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களில் சிலர் இரண்டு நாள் காட்டுக்குள் நடந்து ஒரு பண்ணையைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றவர்களைத் தேடி ஆள் வந்தது.

அந்த விமானியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 0270 என்பதை 270 என்று யாரும் வாசிக்கலாம். எழுதியவிதமே குழி வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. தாளை அச்சடித்தவர்கள் அந்தப் புள்ளியை விட்டிருக்கக் கூடாது. என் வருத்தமெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஒரு முறை, ஒரே ஒரு முறை, தாளைத் தன் கண்ணால் பார்த்திருக்கலாமே என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவின் சாம்பல் நிறப் பெட்டி எங்கள் கைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய சாவு இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, கொரியன் ஏர்லைன்ஸின் 007 விமானம் அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் போய்க்கொண்டிருந்தது. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே வடக்கே விலகத் தொடங்கிவிட்டது. வழி காட்டும் ஐஎன்எஸ் கருவி சரியாகத்தான் இருந்தது. ஆட்டோ பைலட் அதன் பேச்சைக் கேட்கவில்லை. திசை பிடிக்கும் நிலையிலேயே குமிழ் விடப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஐஎன்எஸ்ஸுக்கு மாற்றியபோது விமானம் பாதையை விட்டு ஏழரைக் கடல் மைலுக்கு மேல் விலகியிருந்ததால் அது பிடித்துக்கொள்ளாமல் இருந்திருக்க வேண்டும் என்று 1993-இல் சர்வதேச விசாரணை முடிவுக்கு வந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் விலகி விலகி சோவியத் வான்வெளிக்குள் போய், சகலின் தீவுப் பக்கம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர். அதே மாதம்தான் அமெரிக்கா, ராணுவத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்களுக்கும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 2000 மே மாதம் வரை வேண்டுமென்றே சிக்னலைக் கலங்கலாக்கி வைத்திருந்தார்கள், நூறு மீட்டர் வரை தப்பும். அதை நீக்கிய பிறகு துல்லியமானது. மூன்று வருடம் கழித்து முட்டத்தில் ஒரு பிளஸ் டூ பையன் அதில் ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தான்.

வைத்த திசையைப் பிடித்துக்கொண்டு போவது என்ற ஒரே காரியம் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்ததைப் பார்த்தீர்களா? அலாஸ்காவில் அதுதான் 269 பேரை வழிதவற விட்டது. அக்கா மகனின் கேப்டன் அதே வேலையைத்தான் செய்தார், அது அவர்களைக் காப்பாற்றியது. பிறகொரு நாள் இதை அவனிடம் கேட்டேன். “தெரிஞ்சு இழுக்கிறதுக்கும் தெரியாம விட்டுட்டு உக்காந்திருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் மாமா” என்றான். அதனால்தான் அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் திரையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை தடவை மாற்றினாலும் அத்தனை தடவையும்.

திருவனந்தபுரத்திலிருந்து புறப்படும்போது அவனுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் அந்த நிலையம்தான். வளைகுடாவுக்குப் போகிறவர்களும், வருகிறவர்களைக் கூட்டிவர வேனில் போகிறவர்களும் நம் ஆட்களாகவே இருப்பார்கள். சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய அந்த ஓடுபாதையின் பெயர் 14, மறு நுனியில் 32. காந்தத் திசையின் முதல் இரண்டு இலக்கம். 32 பக்கம் எடுத்தால் திசை காட்டும் கருவிகள் எல்லாம் 320-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். இரண்டு விமானிகளின் திரையையும் பார்த்த பிறகு, கண்ணாடிக்கு நடுவில் தொங்கும் சின்னக் காந்த காம்பஸையும் இவன் ஒரு பார்வை பார்ப்பான். கரண்டு வேண்டாம், சாட்டிலைட் வேண்டாம், யாரும் எண் ஏற்ற வேண்டாம். திரவத்துக்குள் மிதக்கும் ஒரு காந்தம். எத்தனை கோடி ரூபாய் விமானமாக இருந்தாலும் அதைக் கழற்றவில்லை.

அன்று பாறையில் அவன் இதைச் சொன்னதும், “எங்க ஸ்ராங்குமாருகிட்டயும் அது இருக்கும்” என்றார் அப்பா. ஸ்ராங்கு என்றால் போட்டை ஓட்டிப் போகும் தலைவர். ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனையோ புதுக் கருவிகள் வந்துவிட்டன. ஆழ்கடலுக்குப் போகும் எந்தப் போட்டிலும் காம்பஸ் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

இருட்டிவிட்டது. தலைக்கு மேலே லைட்ஹவுஸ் சுற்ற ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கோடு போட்ட நூறு பக்க நோட்டு, உப்புக் காற்றில் ஓரமெல்லாம் பழுத்துப் போயிருந்தது. என் பிளஸ் டூ கையெழுத்து. அந்தத் தப்பு நடந்த பிறகு, அப்பா ஒவ்வொரு பாராகக் கணியம் பார்த்துப் போய் நின்று, ஜிபிஎஸ்ஸில் வந்த எண்ணைக் கொண்டுவந்து சொல்ல, நான் எழுதி வைத்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த மலை, எந்தக் கோபுரம் என்றும் எழுதியிருந்தேன். அவர்தான் அப்படி எழுதச் சொன்னார். இப்போது அப்பாவுக்கு எழுபத்தெட்டு. கண் மங்கிவிட்டது. கடலுக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது.

“இத நான் போன்ல ஏத்தி வைக்கிறேன் தாத்தா, கிழிஞ்சு போயிரும்” என்று அக்கா மகன் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தான்.

“மாமன் வாசிக்கட்டும், நீ எழுது” என்றார் அப்பா. “எழுதுனதுக்கப்புறம் நீ உன் போனப் பாத்து வாசி. அவன் நோட்டப் பாக்கட்டும். உன் போன அவன் பாக்க வேண்டாம்.”

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தேன். முதல் வரி எங்கள் கரை.

“எட்டு, ஏழு” என்று வாசித்தேன். “எழுபத்தேழு, பத்தொன்பது.”

அவன் அடித்துவிட்டு, போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கத் தொடங்கினான்.